டவர் அடுப்படியில் கிடைக்கிறதா: ஒரே நம்பர், மூன்று போர்ட்டிங், என் அனுபவம்

எங்கள் வீடு பேராவூரணிக்குப் பக்கத்தில், தென்னந்தோப்பை ஒட்டி இருக்கிறது. நான் வேலை பார்ப்பது தஞ்சாவூரில். 2008-இல் வாங்கிய செல்போன் நம்பர்தான் இன்றும் கையில் இருக்கிறது. சிம் தரும் நிறுவனத்தை மட்டும் மூன்று முறை மாற்றியிருக்கிறேன், அதைத்தான் போர்ட்டிங் என்பார்கள். எந்த நிறுவனம் என்று பெயர் சொல்லப்போவதில்லை. எங்கள் ஊரில் கணீரென்று கேட்கும் சிம், பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் உங்கள் ஊரில் ஒரு கோடுகூடக் காட்டாமல் போகலாம். எப்படிப் பார்த்து எடுப்பது என்பதைத்தான் சொல்ல முடியும்.

முதல் சிம்மில் அம்மாவுடன் பேசுவதே பெரும்பாடு. போனை எடுத்ததும், "இரு தம்பி, கொல்லைக்குப் போறேன், ஒண்ணும் கேக்கல" என்பார். கிணற்றடியில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றால்தான் டவர் கிடைக்கும். மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு பேசியிருக்கிறார். நம்பரை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்தது. ஆனாலும் பயந்துகொண்டே இருந்துவிட்டு 2012-இல்தான் மாறினேன். அம்மாவுக்கும் அதே நிறுவனத்தில் சிம் வாங்கிக் கொடுத்தேன். கூடத்தில் உட்கார்ந்து பேச முடிந்தது.

2017-இல் ஒரு தப்பு செய்தேன். தஞ்சாவூரில் அறை நண்பர்கள் எல்லோரும் வேறொரு நிறுவனத்துக்குப் போய்விட்டார்கள். நெட் அவ்வளவு வேகம். நானும் போர்ட் போட்டேன். சனிக்கிழமை ஊருக்கு வந்தால் வீட்டுக்குள் போன் செத்துக் கிடந்தது. உடனே திரும்பவும் வழியில்லை, ஒரு முறை மாறினால் 90 நாள் அங்கேயே இருந்தாக வேண்டும். அந்த மூன்று மாதமும் வார இறுதியில் அலுவலக அழைப்புகளுக்காகத் தெருமுனை வரை நடந்தேன். 90 நாள் முடிந்த மறுநாளே பழைய இடத்துக்குத் திரும்பினேன்.

அதன் பிறகுதான் சிக்னல் கோடுகளை நம்புவதை விட்டேன். எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு போனும் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்கிறது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னலின் பலத்தைச் சொல்லும் டிபிஎம் என்ற அளவில் ஒரு மைனஸ் எண் இருக்கும். ஐபோனில் *3001#12345#* அழுத்தினால் வரும் பக்கத்தில் பார்க்கலாம். பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. மைனஸ் 90-க்குள் இருந்தால் கவலை இல்லை, மைனஸ் 110-ஐத் தாண்டினால் பேச்சு வெட்டி வெட்டித்தான் வரும். ஒருநாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். வாசலில் மைனஸ் 88, கூடத்தில் 99, அடுப்படியில் 114. அதே நேரத்தில் பக்கத்து வீட்டு அண்ணன் போனில், வேறு நிறுவனத்தின் சிம், எங்கள் அடுப்படியில் மைனஸ் 97 காட்டியது!

காரணம் ரொம்பச் சிக்கலானது இல்லை. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் தூரமும் போகும், சுவருக்குள்ளும் புகும். 2300-க்கு மேல் உள்ளவை வேகம் தரும், ஆனால் சீக்கிரம் களைத்துவிடும். கான்கிரீட்டும் அடர்ந்த தோப்பும் அவற்றை விழுங்கிவிடும். அதனால் டவுனில் வேகமான சிம் தோப்பு வீட்டில் வேலை செய்யாமல் போவதில் ஆச்சரியமே இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் கவரேஜ் வரைபடத்தை இணையதளத்தில் போட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டிருக்கிறது. தெருவைத் தேடிப் பாருங்கள், தவறில்லை. ஆனால் அந்த வரைபடத்துக்கு உங்கள் வீட்டுச் சுவர் தெரியாது. தெரிந்தவர் யாரிடமாவது போனை வாங்கி வீட்டுக்குள் ஒரு நடை நடப்பதுதான் என் வழி.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தது. தென்னைகளோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. டவர்களின் பேட்டரி தீர்ந்ததும் எல்லா சிம்மும் ஒரே மாதிரி ஊமையாகிவிட்டன. நான் தஞ்சாவூரில், அம்மா ஊரில். மூன்று நாள் குரல் கேட்கவில்லை. நான்காம் நாள், டீசல் ஜெனரேட்டர் வைத்து ஓட்டிய ஒரு டவர் வழியாக, பக்கத்து வீட்டு அண்ணன் போனிலிருந்துதான் அம்மா பேசினார். என்ன பேசினோம் என்று நினைவில்லை. ரெண்டு பேரும் அழுதோம்.

அப்புறம்தான் அம்மா போனில் இரண்டாவது சிம் போட்டேன், அண்ணன் வைத்திருக்கும் அதே நிறுவனத்தில். இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். ஒரே டவர் கம்பத்தில் இரண்டு மூன்று நிறுவனங்கள் வாடகைக்கு இருப்பது சகஜம். அந்தக் கம்பத்தில் மின்சாரம் போனால் அத்தனையும் சேர்ந்து போகும். வேறு நிறுவனம் என்பது போதாது, வேறு டவராக இருக்க வேண்டும். நான் சைக்கிளில் போய் எது எந்தக் கம்பம் என்று விசாரித்துவிட்டு வந்தேன்.

இரண்டு சிம் என்றால் இரண்டு ரீசார்ஜ். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தியபோது அது உறைத்தது. டிராய் சொன்ன பிறகு, நெட் இல்லாமல் பேசவும் எஸ்எம்எஸ் அனுப்பவும் மட்டுமான திட்டங்கள் 2025 ஜனவரியில் வந்தன. அம்மாவின் ஒரு சிம்முக்கு அது போதும்.

சேவை என்று பார்த்தால், நான் இப்போது விளம்பரத்தையோ செயலியையோ பார்ப்பதில்லை. சிம் கெட்டுப்போனால் மாற்றித்தர பக்கத்து டவுனில் ஆள் உட்காரும் கடை இருக்கிறதா என்று பார்க்கிறேன். அம்மா வயதுக்காரர்களுக்கு அதுதான் சேவை. புகார் கொடுத்தால் பதிவு எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். தீர்வு வராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக அந்த எண் வேண்டும்.

மாறுவதென்று முடிவானால், PORT என்று அடித்து ஓர் இடம் விட்டு உங்கள் நம்பரைப் போட்டு 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். வருகிற எட்டெழுத்துக் குறியீடு நான்கு நாள்தான் செல்லும். மாநிலத்துக்குள் மாற மூன்று வேலை நாள். போஸ்ட்பெய்டு பாக்கி இருந்தால் முதலில் கட்டிவிடுங்கள். மாறும் நேரத்தில் சில மணி நேரம் சிம் வேலை செய்யாது, வங்கி ஓடிபி தேவைப்படும் வேலையை அன்றைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது அம்மா அடுப்படியில் நின்றே பேசுகிறார், குக்கர் விசில் எனக்குக் கேட்கிறது. ஒரத்தநாடு தாண்டி ஓர் இடத்தில் மட்டும் பேருந்தில் வரும்போது என் சிம் இன்னமும் அறுந்துபோகிறது. அந்த இடம் வருவதற்கு முன்பே, "ரெண்டு நிமிஷம் கழிச்சுக் கூப்பிடுறேன்மா" என்று சொல்லிவிடுவேன்.