‘காலையில் பறித்தது’ என்று விற்ற கூடை

கோடையில் காய்கறியும் பூவும் வளர்க்கும் குடும்பப் பண்ணைக்குப் போகிறவர்கள் ஏமாறுவது வயலில் இல்லை, வாசல் கொட்டகையில்தான். அப்படி ஒரு பண்ணையில் ‘இன்று காலை பறித்தது’ என்று விற்ற கூடையில் இருந்தவை இவை.

கத்தரிக்காய் பளபளவென்று இருந்தது. காம்போ பழுப்பேறிச் சுருங்கியிருந்தது. அன்றன்று பறித்த காயில் காம்பு பச்சையாக, முள் இருந்தால் குத்தும்படி இருக்கும். தோலைத் துடைத்து மினுக்கலாம், காம்பை ஒன்றும் செய்ய முடியாது. வெண்டைக்காயில் வெட்டுவாய் கறுத்திருந்தது, நுனி ஒடியாமல் வளைந்தது. ஸ்வீட் கார்ன்தான் மோசம். பறித்த நேரத்திலிருந்தே அதன் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கும். வெயிலில் வைத்தால் இன்னும் வேகமாக. மணியை நகத்தால் கீறினால் பால் வர வேண்டும். களிபோல் வந்தால் கதிர் முற்றியது, எவ்வளவு வேகவைத்தாலும் இனிக்காது.

வெள்ளரி மட்டும் பெட்டி நிறைய, எல்லாம் ஒரே அளவு. பாத்தியில் கொடி அப்போதுதான் பூ விட்டிருந்தது! பூ காயாக ஒரு வாரமாவது ஆகும். அப்படியானால் பெட்டி வெளியிலிருந்து வந்தது. வாங்கி விற்பது குற்றமில்லை, மறைத்து விற்பதுதான் தவறு. ‘இது எந்தப் பாத்தி, காட்டுங்கள்’ என்று கேளுங்கள்; பறித்த இடத்தில் புதிய காம்பு வெட்டு தெரியும்.

பூவில் ஏமாற்று இன்னும் சுலபம். உச்சி வெயிலில் வெட்டிய தண்டில் ஈரம் குறைவு, சீக்கிரம் தலை தொங்கும். விடியற்காலையில் வெட்டியதை நிழலில், சுத்தமான வாளித் தண்ணீரில் வைத்திருக்க வேண்டும். தண்ணீர் கலங்கி நாறினால் பாக்டீரியா தண்டை அடைத்துவிட்டது என்று பொருள். ‘மொட்டு வீட்டில் விரியும்’ என்று டேலியாவைத் தந்தால் வாங்காதீர்கள். இறுகிய டேலியா மொட்டு வெட்டிய பிறகு விரிவது அரிது. ஜினியாவைப் பூவுக்கு ஒரு சாண் கீழே பிடித்து ஆட்டுங்கள். கழுத்து துவண்டு ஆடினால் இன்னும் பக்குவமில்லை, விறைப்பாக நின்றால் எடுக்கலாம். வாங்கியதும் தண்டின் அடியில் 2 செ.மீ. சாய்வாக வெட்டி, தண்ணீருக்குள் போகும் இலைகளை உருவிவிடுங்கள். தக்காளியோடு ஒரே பையில் வைக்க வேண்டாம். பழுக்கும் தக்காளி விடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாட்டும்.

கீரையைத் தண்ணீரில் முக்கியெடுத்த ஈரத்தோடு தராசில் வைப்பார்கள். உதறச் சொல்லுங்கள். கூடையோடு நிறுத்தால் வெறுங்கூடை எடையைக் கழிக்கச் சொல்லுங்கள்.

நீங்களே பறிக்கும் பண்ணை என்றால் முதல் கேள்வி: கடைசியாக என்ன மருந்து, எந்தத் தேதியில் அடித்தீர்கள்? அடித்த பிறகு எத்தனை நாள் பறிக்கக் கூடாது என்பது மருந்து லேபிளிலேயே இருக்கும். இங்கே பதில், ‘போன வாரம் என்னவோ அடித்தோம்’. அந்த வயலில் பிள்ளைகளைத் தக்காளி கடிக்க விடாதீர்கள்.