பழைய புல்லட்: ஆம்பியர் மீட்டரும் கண்டென்சர் தொல்லையும்

பள்ளத்தூரில் ஒரு பழைய புல்லட் 350 வண்டி விலைக்கு வருகிறதாம், வாங்கலாமா என்று மாப்பிள்ளை ஒருவர் கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். சத்தம், மைலேஜ், வலது கால் கியர் எல்லாம் அவருக்கே தெரியும், அதை விட்டுவிடலாம். கரண்ட் சமாச்சாரம்தான் இந்த வண்டியின் உயிர். என்னிடம் இருப்பது 90களில் வந்த, வார்ப்பிரும்பு என்ஜின், 12 வோல்ட், பாயிண்ட் (பொறிக்காகக் கரண்டை விட்டு நிறுத்தும் சின்ன சுவிட்ச்) வைத்த வண்டி. காரைக்குடி வெயிலிலும் செம்மண் புழுதியிலும் வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் எனக்குப் பிடித்ததைச் சொல்லிவிடுகிறேன். ஹெட்லைட் தலையில் சின்னதாக ஓர் ஆம்பியர் மீட்டர் (பேட்டரிக்குள் கரண்ட் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று முள்ளால் காட்டுவது) இருக்கிறதே, அதைப் போல உதவியான கருவியை வேறு எந்த வண்டியிலும் நான் பார்த்ததில்லை. பலர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். சாவியைத் திருப்பி, விளக்கு எதையும் போடாமல் கிக்கரை மெதுவாக மிதித்துப் பாருங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்கு வரும். இந்த ஓர் ஆட்டத்திலேயே பாதி வியாதி தெரிந்துவிடும். எத்தனை தடவை மிதித்தும் முள் அசையவே இல்லையா, சாவிக்கும் பாயிண்டுக்கும் நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது, இல்லையென்றால் பாயிண்ட் முகத்தில் அழுக்கு. உப்புத்தாளை மடித்து ஒரு இழுப்பு இழுத்து, பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். முள் மைனஸிலேயே நின்றுவிட்டதா, பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது பாயிண்டோடு சேர்ந்த கண்டென்சர் என்ற சின்ன மின்தேக்கி உள்ளுக்குள்ளேயே ஷார்ட். ஓடும்போது பள்ளத்தில் இறங்கினால் மட்டும் முள் துள்ளுகிறதா, பேட்டரி டெர்மினலையும் எர்த் வயரையும் கழற்றிச் சுரண்டி மாட்டுங்கள். ஒரு கம்ப்யூட்டரும் வேண்டாம், ரோட்டோரப் புளியமரத்தடியே போதும்.

சரி, இப்போது கண்டென்சர். இதை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. பாயிண்ட் திறக்கிற நொடியில் காயிலில் (பிளக்குக்கு உயர் வோல்ட் தரும் கம்பிச்சுருள்) ஓடிய கரண்ட் அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். கண்டென்சர் அதை வாங்கிக்கொண்டால்தான் பிளக்கில் பளிச்சென்று நீலப் பொறி விழும். அது செத்துப்போனால் பாயிண்ட் வாயிலேயே பொறி பறந்து முகம் கருகும், பிளக்கில் மஞ்சளாக ஏதோ மினுங்கும். முழுதாகச் செத்தாலாவது பரவாயில்லை. அரைகுறையாகச் சாவதுதான் கொடுமை. காலையில் ஒரே மிதியில் ஸ்டார்ட் ஆகும், காரைக்குடியிலிருந்து கிளம்பி திருமயம் கோட்டை கண்ணில் படுகிற நேரம் என்ஜின் நன்றாகச் சூடாகியிருக்கும், அப்போது மிஸ்ஸிங் ஆரம்பித்து டப்பென்று நின்றுவிடும், அரை மணி நேரம் நிழலில் போட்டால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் ஆறிய வண்டியில் ஒரு குறையும் தெரியாது. கார்புரேட்டரைப் பிரிப்பார்கள், டேங்கைக் கழுவுவார்கள், பில் போடுவார்கள்.

இதில் வண்டியைக் குறை சொல்வது நியாயமில்லை. அது வந்த காலத்துக் கண்டென்சர்கள் வருஷக்கணக்கில் உழைத்தன. இப்போது கடையில் பளபளப்பான டப்பாவில் போட்டு ஒரிஜினல் என்று தருகிறார்களே, அதுதான் தொல்லை. ஒன்று ஒரு சீசன் தாங்கும், இன்னொன்று ஊர் எல்லைகூடத் தாண்டாது. திருப்பிக் கேட்டால் எலெக்ட்ரிக் சாமானுக்கு கேரண்டி கிடையாது அண்ணே என்று ஒரே பதில். எத்தனை பேரை இந்த வெயிலில் நடுரோட்டில் நிறுத்துகிறோம் என்று விற்கிறவர்கள் கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா?

கடைசியாக எனக்குக் கைகொடுத்தது, கண்டென்சரை என்ஜின் சூட்டிலிருந்து வெளியே எடுத்ததுதான். பாயிண்ட் பெட்டிக்குள் இருந்ததைக் கழற்றிவிட்டு, 0.2 மைக்ரோஃபாரட் அளவில் கார்களுக்கு வரும் கெட்டியான ஒன்றைக் காயிலுக்குப் பக்கத்தில், பாயிண்ட் வயர் வந்து சேரும் முனையிலேயே இணைத்தோம், அதன் உடம்பை நல்ல எர்த்தில் முடுக்கினோம். அதற்குப் பிறகு சித்திரை வெயிலில்கூட அந்தக் கோளாறு தலைகாட்டவில்லை.

மற்றவை சின்ன விஷயங்கள். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) இல்லாமல் கண்ணால் வைக்காதீர்கள். பாயிண்ட் குதிக்கு (கேம் மேல் உரசும் முனை) துளி கிரீஸ் வையுங்கள், இல்லாவிட்டால் அது தேய்ந்து இடைவெளி சுருங்கும், டைமிங் (பொறி விழும் நேரம்) பின்தங்கும், என்ஜின் வீணாகச் சூடாகும். டைமிங் முந்திப்போனாலோ கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் பத்திரம். ஐப்பசி மழையில் நின்றால் முதலில் பிளக் கேப்பைத் துடையுங்கள். ஹேண்டிலைத் திருப்பும்போது மட்டும் என்ஜின் நின்றால், கழுத்துக்குப் பக்கத்தில் மடங்கி மடங்கி நைந்துபோன வயர்தான் காரணம். டேப் சுற்றி ஏமாற்றாமல் அந்த நீளத்தையே மாற்றிவிடுங்கள்.

இத்தனையும் புகழ்ந்துவிட்டு இதைச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். மாப்பிள்ளை, தேவகோட்டைக்கு தினமும் வேலைக்குப் போய்வர இந்த வண்டியை வாங்காதீர்கள். போன வாரம்தான் இன்னொரு நண்பரின் வண்டியை உச்சிவெயிலில் தள்ளிக்கொண்டு வந்தோம், அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. அதுவும் கண்டென்சர்தான். மனசு கேட்கவில்லை, வாங்கியே தீருவேன் என்றால், பணம் கொடுப்பதற்கு முன்னால் வண்டியை நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுங்கள், ஐடிலில் விட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள், நிறுத்திவிட்டு சூட்டோடு மறுபடி மிதியுங்கள், அந்த முள் ஆடுகிறதா என்று பாருங்கள். இதற்கு விற்கிறவர் சம்மதிக்கவில்லையென்றால் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.