கொலஸ்ட்ராலுக்கு 'நேச்சுரல்' கேப்சூல்னு ஊட்டில வாங்குனவங்க பாட்டில் பின்னாடி இருக்குறத படிங்க

எங்க ஊரு கோத்தகிரி பக்கம். அம்மாவுக்கு 58 வயசு, சொந்தமா கொஞ்சம் தேயிலை இருக்கு, ஆள் கெடைக்காத நாள்ல அவங்களே இறங்கி இலை எடுப்பாங்க. போன ஜனவரில நடந்தத எழுதுறேன், நடந்த அன்னிக்கே எழுதிருக்கணும், அப்போ கையும் ஓடல மனசும் ஓடல.

அம்மாவுக்கு கெட்ட கொலஸ்ட்ரால், அதான் எல்டிஎல், 186 வந்து டாக்டர் அடோர்வாஸ்டாட்டின் 20 எழுதிக் குடுத்திருந்தார், கொலஸ்ட்ரால கொறைக்கிற ஸ்டாட்டின் வகை மாத்திரை அது. சாப்பிட்டு 128க்கு எறங்குச்சு, ஆனா ரெண்டு மாசத்துலயே கால் வலிக்குதுன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. நான் கோயம்புத்தூர்ல வேலைல இருக்கேன், போன்ல கேட்டுட்டு அடுத்த தடவ டாக்டர்கிட்ட சொல்லும்மான்னு விட்டுட்டேன். அவங்க சொல்லல. ஒரு கல்யாணத்துக்கு ஊட்டி போனப்ப, தைலம் சாக்லேட் எல்லாம் விக்கிற கடை வரிசைல ஒரு மூலிகை கடைக்கு சித்திகூட போயிருக்காங்க.

அந்த ஆள் ரொம்ப மரியாதையா பேசிருக்கான். "அக்கா, அந்த இங்கிலீஷ் மாத்திரைதான் உங்க சதைய தின்னுது, இதுல ஸ்டாட்டின் ஒரு துளி கெடையாது, நம்ம மலைப்பூண்டும் மூலிகையும்தான், ஹார்ட் அடைப்பே கரைஞ்சிரும்"னு சொல்லி 3 பாட்டில் 5,400 ரூவாய்க்கு தலைல கட்டிட்டான். பாட்டில் முன்னாடி பெருசா பூண்டு படம். மலைப்பூண்டுன்னா எங்களுக்கெல்லாம் தனி நம்பிக்கை, கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல புவிசார் குறியீடே கெடச்சுது, அந்த நம்பிக்கைய வெச்சுத்தான் இவன் யாவாரம் பண்றான்.

அம்மா பாவம் ரெண்டு பக்கமும் பயந்துருக்காங்க. மாத்திரைய நிறுத்துனா நான் திட்டுவேன்னு அதையும் விடல, 5,400 குடுத்தாச்சேன்னு இதையும் விடல, காலைல கேப்சூல் ராத்திரி மாத்திரைன்னு ரெண்டும் சேந்து ஓடிருக்கு. எங்க யாருக்கும் தெரியாது.

மூணாவது வாரம் தொடை ரெண்டும் கல்லு மாதிரி ஆயிருச்சு. தோட்டத்து படி ஏற முடியல, ஒக்காந்தா எந்திரிக்க கைய ஊனணும், தலை வாரக்கூட கை தூக்க முடியல. ஜனவரி உறைபனி நேரம், எல்லாரும் பனிக்குத்தான் இப்படின்னு தைலம் தேச்சு விட்டிருக்காங்க, அப்பாவும்தான். ஒரு நாள் காலைல யூரின் கட்டஞ்சாயா கலர்ல போகுதுன்னு அம்மா சாதாரணமா சொன்னத கேட்டு அப்பா எனக்கு போன் போட்டார். அன்னிக்கே வண்டி வெச்சு மேட்டுப்பாளையம் எறங்கி கோயம்புத்தூர் கூட்டிட்டு வந்தாங்க.

இங்க டாக்டர் மேடம் கேட்ட ரெண்டாவது கேள்வியே "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களாம்மா?" அம்மா பட்டுன்னு இல்லைன்னுட்டாங்க. பொய் சொல்லணும்னு இல்ல, கடைக்காரன் இது மருந்தே இல்ல சத்துதான்னு சொல்லி அனுப்பிருக்கான், அவங்களும் அத நம்புனாங்க, அதனால அவங்க மனசுல அது மருந்து கணக்குலயே இல்ல. இந்த ஒரு 'இல்ல'யால ஒரு முழு நாள் போச்சு. சிபிகேன்னு ஒரு ரத்த டெஸ்ட், சதை செதஞ்சா ஏறும், நார்மல்னா ஏறக்குறைய 200க்குள்ள இருக்கணும், அம்மாவுக்கு 6,800. கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினினும் ஏற ஆரம்பிச்சிருந்துச்சு. செதையுற சதைல இருந்து வர்ற ஒரு புரதம் கிட்னிய அடைச்சிரும், அதான் யூரின் அந்த கலர்ல வந்துருக்குன்னாங்க. எனக்கு காதெல்லாம் அடைச்ச மாதிரி ஆயிருச்சு.

மறுநாள் சாயங்காலம் சித்தி பாக்க வந்து, அந்த பூண்டு கேப்சூல ஒழுங்கா சாப்பிடுறியாக்கான்னு கேட்டப்பத்தான் விஷயமே வெளிய வந்துச்சு. அப்பா பாட்டில போட்டோ எடுத்து அனுப்புனார். பெருசு பண்ணி பாத்தா, பூண்டு ஏதோ 50 மில்லிகிராம், அதுக்கு மேல பொடி எழுத்துல 'ரெட் ஈஸ்ட் ரைஸ் எக்ஸ்ட்ராக்ட் 600 மில்லிகிராம்'.

இத எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னுதான் இவ்ளோ நீளமா எழுதுறேன். ரெட் ஈஸ்ட் ரைஸ்ங்கிறது மொனாஸ்கஸ்னு ஒரு பூஞ்சைய அரிசில வளத்து எடுக்குறது, சீனால ரொம்ப காலமா உண்டு. அதுல 'மொனாகோலின் கே'ன்னு ஒண்ணு இருக்கு, அதுவும் லோவாஸ்டாட்டினும் ஒரே பொருள், மூலக்கூறுல கூட வித்தியாசம் கெடையாது. லோவாஸ்டாட்டின் யாருன்னா 1987ல அமெரிக்கால அனுமதி வாங்குன ஸ்டாட்டின் மாத்திரை. ஸ்டாட்டின் ஒரு துளி கெடையாதுன்னு சொல்லி வித்தது ஸ்டாட்டின்! எங்கம்மா ரெண்டு ஸ்டாட்டின ஒண்ணா முழுங்கிருக்காங்க. அதுவும் மாத்திரைன்னா 20ன்னா 20தான், இதுல பாட்டிலுக்கு பாட்டில் எவ்ளோ இருக்கும்னு சொல்லவே முடியாது, சரியா தயாரிக்கலன்னா சிட்ரினின்னு கிட்னிய கெடுக்குற நச்சு வேற சேந்து வரும். ஐரோப்பால 2022ல இதுக்குன்னே விதி போட்டாங்க, ஒரு நாளைக்கு மொனாகோலின் 3 மில்லிகிராமுக்கு கம்மியாத்தான் இருக்கணும், கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுறவங்க இத தொடக்கூடாதுன்னு டப்பாலயே எழுதணும். நம்ம பாட்டில்ல ஒரு வரி இல்ல.

மாத்திரை கேப்சூல் ரெண்டையும் நிறுத்தி, நாலு நாள் சலைன்லயே வெச்சு, கிட்னி தப்பிச்சிருச்சு. படி ஏற ஆறு வாரம் ஆச்சு.

இன்னொண்ணும் அங்கதான் தெரிஞ்சுது, நெனச்சா இப்பவும் மனசு ஆறல. மேடம் தைராய்டு டெஸ்ட் எழுதுனாங்க, டிஎஸ்ஹெச் 14, அது இவ்ளோ ஏறுனா தைராய்டு கம்மியா சுரக்குதுன்னு அர்த்தமாம். தைராய்டு கம்மியா சுரந்தா கொலஸ்ட்ரால் தானா ஏறும், கால் கை வலிக்கும், ஸ்டாட்டின் போட்டா அந்த சதை வலி இன்னும் சுலபமா வரும். அதாவது அம்மாவோட முதல் கால் வலிக்கே காரணம் இதுவா இருந்திருக்கலாம். டாக்டர்கிட்ட கால் வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா ஒரு சின்ன டெஸ்ட்ல முடிஞ்சிருக்கும், டோஸ கொறைக்கவோ வேற ஸ்டாட்டின் மாத்தவோ வழி இருக்குன்னாங்க. அதுக்கு பதிலா அந்த வலிய கடைக்காரன்கிட்ட சொல்லிருக்காங்க.

சாப்பாட்டால ஒண்ணுமே நடக்காதுன்னு நான் சொல்லல, நடக்குது. எங்க வீட்டுல ரேஷன் பாமாயில்தான் எல்லாத்துக்கும், அதுல பாதிக்கு பாதி எல்டிஎல்ல ஏத்துற நிறைவுற்ற கொழுப்பு, அத நிறுத்தி கடலை எண்ணெய் அளவா. தெனம் சாயாவுக்கு நாலு வர்க்கி போகும், அது ஞாயித்துக்கெழமைக்கு மட்டும். காலைல ஓட்ஸ் இல்லன்னா ராகி, வாரத்துல மூணு நாள் கொள்ளு, பீன்ஸ், எங்க பக்கத்துல வெளையுற பட்டர் ஃப்ரூட். ராத்திரி இசப்கோல் ரெண்டு ஸ்பூன் நெறைய தண்ணியோட. தைராய்டு மாத்திரைக்கும் இசப்கோலுக்கும் நாலு மணி நேரமாச்சும் இடைவெளி வேணும், இல்லன்னா மாத்திரை ஒடம்புல சேராது, இத பல பேர் கவனிக்கிறதில்ல. தைராய்டு மாத்திரையும் இதுவும் சேந்து மூணு மாசத்துல ஸ்டாட்டின் இல்லாமலே எல்டிஎல் 139 வந்துச்சு. ஆனா அம்மாவுக்கு பிபியும் இருக்கு, தாத்தா 50 வயசுலயே ஹார்ட் அட்டாக்ல போனவர், அதனால இது போதாதுன்னு சொல்லி ரொசுவாஸ்டாட்டின்னு வேற ஒரு ஸ்டாட்டின் 5 மட்டும் குடுத்தாங்க. இப்போ 91, கால் வலி இல்ல.

கடைக்கு அப்பாவும் நானும் போனோம். அதே மரியாதை, "மேடம் இது ஃபுட் சப்ளிமெண்ட், நாங்க மருந்துன்னு சொல்லவே இல்லயே"ன்னான். பில்லுல 'மூலிகை பொருள்'னு மட்டும் இருக்கு. பாட்டில்ல 14 இலக்க உணவு லைசன்ஸ் நம்பர் இருக்கு, மருந்தா பயன்படுத்தக்கூடாதுன்னு இங்கிலீஷ்ல கண்ணுக்கே தெரியாத எழுத்துல இருக்கு, ஆனா கடை போர்டுல இதய அடைப்பு கரையும்னு கலர் கலரா இருக்கு. உணவு லைசன்ஸ் வெச்சிருக்கவன் நோய் தீரும்னு சொல்லவே கூடாது, இதய நோய குணமாக்கும்னு விளம்பரம் பண்றதுக்கு 1954லயே தடை சட்டம் இருக்கு. போர்ட போட்டோ எடுத்தேன், தடுக்க வந்தான், எடுத்துட்டேன். 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல பதிஞ்சாச்சு, உணவு பாதுகாப்பு அதிகாரிகிட்டயும் எழுதி குடுத்தாச்சு. பாட்டிலும் பில்லும் பத்திரமா இருக்கு, நீங்களும் தூக்கி எறியாதீங்க, அது இருந்தாத்தான் புகாருக்கு பலம்.

வீட்ல அந்த கேப்சூல் இருந்து, கூடவே கொலஸ்ட்ரால் மாத்திரையும் போடுறவங்க கேப்சூல இன்னிக்கே நிறுத்திட்டு டாக்டர்கிட்ட பாட்டிலோட போங்க. சதை வலியோ யூரின் கலர் மாறுறதோ இருந்தா நாளைக்குன்னு வெக்காதீங்க.

போன வாரம் அம்மா தயங்கித் தயங்கி ஒண்ணு சொன்னாங்க. மூணு பாட்டில்ல ஒண்ண, தோட்டத்துக்கு வர்ற அக்கா ஒருத்தங்களுக்கு குடுத்துட்டாங்களாம், அவங்களுக்கும் கொலஸ்ட்ரால். நான் அன்னிக்கு ராத்திரியே அவங்க வீட்டுக்கு போனேன். அவங்க பிரிக்கவே இல்ல, மஞ்சூர்ல இருக்குற அண்ணனுக்கு பஸ்ல குடுத்து விட்டுட்டாங்களாம், அவர் ஸ்டென்ட் வெச்சவர், மாத்திரை சாப்பிடுறவர். போன் போட்டா சுவிட்ச் ஆஃப்லயே இருக்கு. நாளைக்கு காலைல முதல் பஸ்ல அப்பா கெளம்புறார்.