கேரவனுக்கு கரண்ட்: சாக்கெட் டெஸ்டரா, மல்டிமீட்டரா?

கம்பத்திலிருந்து குமுளி ஏறி, தங்குமிடத்தின் 16 ஆம்பியர் பாயிண்டில் கேரவனை இணைத்ததும் ஏசி முனகி நிற்கிறது. முதலில் எதைக் கையில் எடுப்பது?

மூன்று விளக்கு சாக்கெட் டெஸ்டர் வேகமானது. சொருகியதும் எர்த் இல்லையா, ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றனவா என்று காட்டிவிடும். கரண்ட் வேலை பழகாதவர்களுக்கு இதுவே பாதுகாப்பு. ஆனால் வோல்டேஜ் எவ்வளவு என்று சொல்லாது. நியூட்ரலும் எர்த்தும் மாறியிருந்தாலும் எல்லாம் சரி என்றே காட்டும்.

ஏசி முனகலுக்கு, வோல்டேஜை எண்ணாகக் காட்டும் மல்டிமீட்டர்தான் சரி. ஃபேஸ், நியூட்ரல் இடையே 230 வோல்ட் பக்கம் வர வேண்டும். ஃபேஸ், எர்த் இடையேயும் அதே அளவு. நியூட்ரல், எர்த் இடையே ஓரிரு வோல்ட். சும்மா இருக்கும்போது அளந்தால் போதாது. ஏசி ஓடும்போது வண்டிக்குள் இருக்கும் இன்னொரு பாயிண்டிலும் பாருங்கள். 225 காட்டியது 185க்கு இறங்கினால், மெல்லிய நீள வயரையோ தளர்ந்த இணைப்பையோ சந்தேகிக்கலாம். பிளக் பின் கருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம், சுருட்டிய எக்ஸ்டென்ஷன் வயரை முழுக்கப் பிரித்துவிடுங்கள், சூடேறும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், அளக்கத் தெரிந்தவருக்கு என் ஓட்டு மல்டிமீட்டருக்கே. ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச், அடிக்கடி விழுந்தால் மட்டும், முதலில் கீசரில் தொடங்கி சாதனங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள்.