நெல்லைக் கல்யாணத்துக்கு யூஸ் அண்ட் த்ரோ கேமரா: எதை வாங்குவது?

உள்ளேயே பிலிமோடு வந்து, படம் தீர்ந்ததும் அப்படியே கழுவக் கொடுத்துவிடுகிற யூஸ் அண்ட் த்ரோ கேமராவை மேசைக்கு ஒன்றாக வைத்துவிட்டால் விருந்தினர்களே படம் எடுத்துத் தருவார்கள் என்ற யோசனை, யார் எங்கே உட்கார வேண்டும் என்று முன்கூட்டியே பெயர் எழுதி வைக்கும் கல்யாணங்களுக்குப் பொருந்தும். பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ ஒரு பந்தி எழுந்த கையோடு அடுத்த பந்தி உட்கார்ந்துவிடும். மேசையில் வைத்த கேமரா சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் கிடந்து, கடைசியில் மண்டபத்தைக் கழுவ வருகிறவர் கையில்தான் சேரும். ஆகவே, எந்தக் கேமரா என்று பார்ப்பதற்கு முன், அது யார் கையில், எந்த நிகழ்ச்சிக்கு என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், மறுவீடு ஆகிய மூன்றுக்கும் வெளிச்சம் வேறு வேறு.

முதலில் கண்ணில் படுபவை ஃப்யூஜிஃபிலிம் குவிக்ஸ்னாப்பும் கோடக் ஃபன்சேவரும். இரண்டிலும் 27 படங்கள் எடுக்கலாம். கோடக்கில் 39 படம் கொண்ட வகையும் உண்டு. இரண்டின் லென்ஸிலும் வெளிச்சம் நுழையும் துளை எஃப் 10 என்ற ஒரே சிறிய அளவில் நிற்பது. ஷட்டர் வேகத்தையும் மாற்ற வழியில்லை. பெரிய வேறுபாடு உள்ளே இருக்கும் பிலிமில்தான்: ஃப்யூஜியில் 400 ஐ.எஸ்.ஓ., கோடக்கில் 800. இந்த எண் கூடக் கூட, குறைந்த வெளிச்சமே பிலிமுக்குப் போதும். ஃப்யூஜியின் ஃபிளாஷ் மூன்று மீட்டர் வரை எட்டும் என்றால், கோடக்கினுடையது ஏறத்தாழ மூன்றரை மீட்டர் வரை போகும். அரை மீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றலாம். தாலி கட்டும் நேரத்தில் மணவறையைச் சுற்றி உறவினர் நெருக்கியடித்து நிற்க, அவர்களுக்குப் பின்னால் அட்சதையோடு நிற்கிற தங்கைக்கு அந்த அரை மீட்டர்தான் முகம் தெரிவதற்கும் தெரியாமல் போவதற்கும் நடுவே இருப்பது. வீடியோக்காரர் விளக்கு எரிகிறதே என்று ஃபிளாஷ் போடாமல் விட்டால் இரண்டு கேமராவிலும் இருட்டுதான் மிஞ்சும். ஐந்தாவது வரிசை நாற்காலியில் இருந்துகொண்டு ஃபிளாஷ் போட்டாலும் முன்வரிசைக்காரர்களின் பின்தலைதான் பளிச்சென்று விழும். ஆகவே மாப்பிள்ளை அழைப்புக்கும் முகூர்த்தத்துக்கும் என் தேர்வு கோடக். அதையும் மணவறையருகே நிற்கக்கூடிய இளவட்டங்கள் கையில்தான் கொடுக்க வேண்டும்.

பெரியவர்கள் கைக்கு ஃப்யூஜி நல்லது. அதில் ஃபிளாஷ் விசையை மேலே தள்ளிவிட்டால் அப்படியே நிற்கும். கோடக்கில் முன்பக்கப் பொத்தானை அழுத்திச் சிறு விளக்கு எரியும்வரை பொறுக்க வேண்டும், பொறுமை இல்லாதவர்கள் அதற்குள் அமுக்கிவிடுவார்கள். கேமராவின் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஏல, எடுத்த படம் எங்கல தெரியும்?" என்று கேட்கும் பெரியப்பாவிடம் இரண்டே விஷயம் சொன்னால் போதும்: ஒவ்வொரு படத்துக்கும் பல்சக்கரத்தை அது நிற்கும்வரை கட்டைவிரலால் உருட்ட வேண்டும், எடுக்கப்படும் ஆள் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். கையை நீட்டி எடுக்கும் செல்ஃபி இவற்றில் மங்கலாகத்தான் வரும். மறுநாள் மறுவீட்டில், முற்றத்து வெயிலில் நின்று பேசுகிறவர்களையும் திண்ணையோரம் இலை போட்டுச் சொதி பரிமாறுவதையும் எடுக்க 400 பிலிமே தாராளம். படத்தில் மணல் தூவியதுபோலத் தெரியும் புள்ளிகளும் குறைவாக இருக்கும்.

இல்ஃபோர்டின் கறுப்பு வெள்ளைக் கேமராக்களில் எக்ஸ்பி2 வகையைக் கலர் பிலிம் கழுவும் அதே சி-41 முறையில் கழுவலாம். எச்பி5 வகைக்குத் தனி மருந்து வேண்டும். ஆசைக்கு ஒன்று வாங்கலாம். அரக்குப் பட்டும் மஞ்சள் சரடும் சாம்பலாகத் தெரிவதைப் பெண் வீட்டார் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுவது உத்தமம்.

எடுத்த படத்தை அங்கேயே தாளாக வெளியே தள்ளும் இன்ஸ்டாக்ஸ் மினி வேறு ஜாதி. ஒன்றரை நிமிடத்தில் படம் கையில் இருக்கும். வந்தவர் தாம்பூலப் பையோடு அதையும் கொண்டுபோகலாம். ஆனால் நெகட்டிவ் கிடையாது, ஒரு பொட்டலத்தில் பத்தே படம், கணக்குப் பார்த்தால் படத்துக்கு ஆகும் செலவும் கையைக் கடிக்கும். 40 டிகிரிக்கு மேல் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது நிறுவனம். சித்திரை, வைகாசிக் கல்யாணத்தில் பந்தலுக்கு வெளியே இது விளையாட்டான பேச்சல்ல. வரவேற்புப் பன்னீர்ச் செம்புக்கு அருகே ஒன்று இருந்தால் போதும்.

வீட்டில் இன்னொரு கல்யாணம் காத்திருக்கிறது என்றால், கோடக் எம்35, இல்ஃபோர்டு ஸ்பிரைட் போன்ற, பிலிம் மாற்றிக்கொள்ளும் எளிய கேமராக்களே லாபம். லென்ஸும் ஃபிளாஷும் ஏறக்குறைய அதே தரம்தான். 36 படச் சுருள் போடலாம். பிலிம் ஏற்றத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவே.

வாங்குவதற்கு முன் கழுவுமிடத்தைப் பேசி வைப்பது, எந்தக் கேமரா என்ற கேள்வியைவிடப் பெரியது. ஊர் கலர் லேப்பில் சி-41 இன்னும் நடக்கிறதா, இல்லை சென்னைக்கோ பெங்களூருக்கோ கூரியரில் அனுப்ப வேண்டுமா, ஸ்கேன் எந்த அளவில் தருவார்கள், நெகட்டிவ் திரும்பி வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். செலவு கணக்கில் இதுவும் கேமரா விலையோடு சேரும். வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ திருவனந்தபுரம் வழியாக வரும் அத்தானிடம் வாங்கிவரச் சொன்னால், லக்கேஜில் போட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். விமான நிலையத்தில் லக்கேஜைச் சோதிக்கும் வலுவான எக்ஸ்ரேயில் பிலிம் கெட்டுவிடும். கைப்பையில் வைத்து, சோதனையிடத்தில் கையால் பார்க்கும்படி கேட்க வேண்டும். 800 பிலிமுக்கு இது இன்னும் அவசியம். கல்யாணத்தன்று வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கக் கூடாது. படம் தீர்ந்ததும் பிள்ளைகள் பிரித்துப் பார்க்காமல் வாங்கி வைத்துவிடுங்கள். உள்ளே ஃபிளாஷுக்கான மின்தேக்கி நூற்றுக்கணக்கான வோல்ட்டோடு இருக்கும்.