பழைய தொட்டிலைப் புதுப்பிப்பதா, புதிதாக வாங்குவதா?

குழந்தை பிறக்க மூன்று மாதம் இருந்தபோது, அண்ணன் வீட்டிலிருந்து ஒரு மரத் தொட்டிலும் நான்கு இழுப்பறைகள் கொண்ட ஒரு துணி அலமாரியும் எங்களிடம் வந்து சேர்ந்தன. தொட்டில் அண்ணனும் நானும் படுத்து வளர்ந்தது. பிறகு அண்ணன் மகனும் அதில்தான் தூங்கினான். இரண்டையும் புதுப்பித்துவிடலாம் என்றுதான் தொடங்கினோம். முடிவில் அலமாரியைப் புதுப்பித்துக்கொண்டோம். தொட்டிலைப் புதிதாக வாங்கினோம். தொட்டிலைப் பொறுத்தவரை நான் புதியதன் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பழையதைச் செப்பனிட்டால் செலவு குறையும் என்பது, வேலையை நாமே செய்தால் மட்டுமே உண்மை. தச்சர் கூலி, பெயின்ட், புதிய திருகாணிகள், அளவெடுத்துச் செய்யும் மெத்தை எல்லாவற்றையும் கூட்டினால் வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிடும். பரம்பரைப் பொருள் என்ற பாசம் அவரவர் மனம்.

அளவுகளைச் சரிபார்க்க அரைமணி நேரம் போதும். பக்கக் கம்பிகளுக்கு இடையிலான இடைவெளி 6 செ.மீ.க்கு மேல் இருக்கக்கூடாது. மீறினால் குழந்தையின் உடல் நழுவி வெளியே வந்து, தலை மட்டும் சிக்கிக்கொள்ளும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவுக்குமேல் சந்து கூடாது. ஒரு பக்கம் மட்டும் ஏறி இறங்கும் வகைத் தொட்டில்களை அமெரிக்கா 2011 ஜூனில் தடை செய்தது; அப்படிப்பட்டது கைக்கு வந்தால் செப்பனிட நினைக்கவே வேண்டாம். எங்கள் தொட்டில் இந்த மூன்றிலும் தேறியது. கால்களும் ஆடவில்லை.

தேறாமல் போனது பெயின்ட். மேல்சட்டத்தில் அண்ணன் மகன் பல் முளைக்கும் பருவத்தில் கடித்த தடம் அப்படியே இருந்தது. அந்தக் குழிக்குள் உற்றுப் பார்த்தபோது வெள்ளைக்கு அடியில் பச்சையும், பச்சைக்கு அடியில் மஞ்சளும், அதற்கும் கீழே மரமும் தெரிந்தன. வெள்ளை அண்ணன் அடித்தது. பச்சையை யார், எப்போது அடித்தார்கள் என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயத்துக்கு அமெரிக்கா 1978இலேயே தடை விதித்தது. இந்தியாவில் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே வயது தெரியாத பெயின்ட்டில் ஈயம் உண்டு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகச் சிறு குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். இந்த அளவுவரை பாதிப்பில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கண்டறியப்படவில்லை.

மேலே ஒரு புதுப் பூச்சு கொடுத்தால் போதாதா என்று நானும் கேட்டேன். சுவருக்கு அது ஓரளவு உதவலாம். குழந்தை நின்றுகொண்டு கடிக்கும் சட்டத்துக்கு உதவாது, ஏனென்றால் பல் மேல்பூச்சோடு நிற்பதில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுக்கலாம் என்றால், உலர்ந்த நிலையில் தேய்க்கும்போது கிளம்பும் தூசிதான் பெயின்ட்டைவிடப் பெரிய தொல்லை: அது தரையிலும் துணியிலும் படிந்து, தவழும் குழந்தையின் கைக்கே வந்து சேரும். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் அந்த வேலையைத் தொடங்கவே கூடாது. வெப்பக்காற்றுக் கருவியால் உரித்தால் ஈயப் புகை கிளம்பும். ரசாயனம் தடவி, ஈரமாகவே சுரண்டி, ஒவ்வொரு கம்பியின் பொருத்துவாயையும் சுத்தம் செய்யலாம். ஆனால் எங்கள் தொட்டிலில் இருபத்துநான்கு கம்பிகள், நாற்பத்தெட்டுப் பொருத்துவாய்கள். அந்த இடுக்குகள் முழுக்கச் சுத்தமாகிவிட்டன என்று உறுதியாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

புதியதிலும் குறைகள் உண்டு. பார்ட்டிகிள் போர்டில், அதாவது மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகையில் செய்தவற்றில், அந்தப் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைட் என்ற வாயுவின் நெடி முதல் சில வாரங்கள் இருக்கும். நாங்கள் திடமரத் தொட்டிலை வாங்கியும்கூட, குழந்தை பிறக்க ஒரு மாதம் முன்பே பொருத்தி, சன்னலைத் திறந்து வைத்திருந்தோம். தவிர, பார்ட்டிகிள் போர்டில் ஒருமுறை கழற்றிய திருகாணி மறுமுறை முன்போல் பிடிப்பதில்லை. எனவே அடுத்த குழந்தைக்கும் வைத்துக்கொள்வது உத்தேசமென்றால் பலகையைக் கவனித்து வாங்குங்கள். மறுவிற்பனை பற்றி எனக்கு அனுபவம் கிடையாது. தொட்டில் வாங்கி ஏழு மாதம்தான் ஆகிறது.

அலமாரியின் கதை வேறு. அதில் பெயின்ட்டே இல்லை, வெறும் பாலிஷ். குழந்தை அதைக் கடிக்கப்போவதும் இல்லை. இழுப்பறைகளின் ஓட்டத்தில் மெழுகு தேய்த்தோம், தளர்ந்த இரண்டு மூட்டுகளுக்குப் பசை போட்டு இறுக்கினோம், குழந்தை பிடித்து ஏறினாலும் கவிழாதபடி பின்பக்கத்தைச் சுவரோடு திருகினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வேலை முடிந்தது. அதே தரத்தில் புதிய அலமாரி வாங்கப் போயிருந்தால் பார்ட்டிகிள் போர்டுதான் கட்டுப்படியாகியிருக்கும்.

பழைய தொட்டிலை இன்னொருவருக்குக் கொடுக்க மனம் வரவில்லை. விறகுக்காவது ஆகும் என்று தச்சர் கேட்டார். எரித்தால் ஈயம் புகையிலும் சாம்பலிலும் போகும் என்று சொல்லி மறுத்துவிட்டேன். இப்போது அது கம்பி கம்பியாகக் கழற்றப்பட்டு, தாளில் சுற்றி, பரணில் கிடக்கிறது.