மாண்டரினா, கோமாளியா?

கடலூரில் என் வீட்டுக் கூடத்தில் 120 லிட்டர் உப்புநீர்த் தொட்டி இருக்கிறது. இப்போது அதில் நீந்துவது ஒரு ஜோடி கோமாளி மீன். அதற்கு முன் இருந்தது மாண்டரின் என்ற மீன். இரண்டையும் வைத்துப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: முதல் தொட்டிக்குக் கோமாளிதான் சரி.

அழகு என்று பார்த்தால் மாண்டரினை மிஞ்ச முடியாது. நீல உடம்பில் ஆரஞ்சுக் கோடுகள் வளைந்து ஓடும். உப்பின் அளவு, வடிகட்டி, மே மாத வெயிலுக்கு ஒரு சின்ன விசிறி, இதெல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

சாப்பாட்டில்தான் சிக்கல். மேற்குப் பசிபிக்கைச் சேர்ந்த மாண்டரின், பாறை இடுக்கில் ஊரும் கோபிபாட் என்ற பொடி உயிர்களைப் பகல் முழுக்கக் கொத்தித் தின்னும். குருணைத் தீவனம் போட்டால் பெரும்பாலும் திரும்பியும் பார்க்காது. அந்த உயிர்கள் நிறைந்த பவளப்பாறையைக் கடலிலிருந்து எடுத்துப் போடலாமா என்றால், பவளம் நம் நாட்டில் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. அது நியாயமும்கூட. ஆக, காய்ந்த கல்லில்தான் தொடங்க வேண்டும். அதில் கோபிபாட் பெருகி நிலைக்கப் பல மாதங்கள் ஆகும். என் தொட்டிக்கு அப்போது வயது நான்கு மாதம். மூன்றாவது வாரமே மீனின் வயிறு உள்ளே ஒட்டியது. தினமும் ஆர்ட்டீமியா என்ற, இறால் போன்ற பொடி உயிரின் முட்டைகளைப் பொரிக்க வைத்துக் குஞ்சுகளைக் கொடுத்தேன். தின்றது, ஆனால் போதவில்லை. ஆறாவது வாரம் செத்துவிட்டது. அவசரப்பட்டது நான்தான். இன்றும் மனசு கேட்கவில்லை.

கோமாளிக்கு இந்தக் கவலை இல்லை. பண்ணையில் பிறந்த குஞ்சு, குருணைக்குப் பழகியே வரும். நம் மாவட்டத்திலேயே, பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தில் இந்த மீனைப் பொரிக்க வைத்திருக்கிறார்கள். நான் காலையில் குருணையும் மாலையில் பொடியாக நறுக்கிய இறாலும் கொடுக்கிறேன். கடலில் இந்த மீன் குடியிருக்கும் கடல் சாமந்தி என்ற உயிர் இல்லாமலே நன்றாக இருக்கும். இரண்டு குஞ்சுகளைச் சேர்த்து விட்டால் பெரியது பெண்ணாக மாறும். போன மாசியில் என் ஜோடி ஒரு பானை ஓட்டில் முட்டையிட்டது. ஆண் மீன் இரவு பகலாகத் துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது. குஞ்சுகளைக் காப்பாற்ற மட்டும் எனக்கு இன்னும் கைவரவில்லை.

நான் வளர்த்தது ஒரே ஒரு மாண்டரின். அதை வைத்து அந்த இனமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒரு வருடம் ஓடிய பெரிய தொட்டியும் நிறையக் கல்லும் இருந்தால் முயன்று பாருங்கள். ஆனால் கடையில் அது தீவனம் தின்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.